பெயர் மட்டும் இருந்த பேக்கேஜ்

வாணி,

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேசும்போது நீ விளையாட்டாக ஒன்று சொன்னாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே வாரம். உன்னைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர, மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் யார் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். "மாமாதான் வரமாட்டாரேப்பா. கீழ்வீட்டு காக்குவையே நிக்க வச்சிரலாம். காதுகுத்துக்கும் அவர் மடியிலதானே உக்காந்தேன்? டம்மி பேக்கேஜ் ஒண்ணைப் போட்டா சிஸ்டம் ஒத்துக்கிட்டுப் போகுது" என்றாய். கீழ்வீட்டு வங்காளிக்காரரைச் சித்தப்பா முறை வைத்துக் காக்கு என்றே கூப்பிட்டு வளர்ந்தவள் நீ. நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். போனை வைத்துவிட்டு பால்கனிக்குப் போனவன், கீழே டாலிகஞ்ச் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மாமா உன் காதுகுத்துக்கு வராமல் போனதற்குக் காரணம் நான். அது உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. பதினெட்டு வருஷமாக நான் ஒருத்தன் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன். இப்போது சொன்னால் உன் அம்மா என் முகத்தில் விழிப்பாளா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் உன் மணவறையிலும் அதே பொய் வந்து நிற்கும்.

நான் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். அது என் சுபாவம், இனிமேல் மாறாது. கம்ப்யூட்டர் சங்கதி நிறைய வரும். உனக்கு அதெல்லாம் அத்துப்படி. ஆனால் இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் அம்மா படிக்கப் போகிறாள், அதனால் அவளுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். அவளுக்குப் புரியாதபடி பேசுவது எனக்கு எப்போதுமே சுலபமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்தச் சுலபத்தில்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

பாலிகஞ்சில் என் ஆபீஸ் இருந்த மாடி உனக்கு நினைவிருக்கும். மாவட்டங்களிலிருந்து ஆறுகளின் நீர்மட்டம் தினமும் காலையில் வந்து சேரும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் வேலை. ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய மரம். மழைக்காலத்தில் அறை முழுக்கப் பச்சை வெளிச்சம் நிரம்பி, நாங்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி இருக்கும். நான் ஒருபோதும் பார்த்திராத ஆறுகள் எனக்கு எண்களாகப் பழக்கமாகியிருந்தன. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் அவை ஏறுவதும் இறங்குவதும் உடம்புக்குத் தெரியும். தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில், அந்த எண்களைக் கோடாக வரைந்து காட்டுகிற ஒரு புரோகிராமை லினக்ஸ் மெஷினில் போடச் சொன்னார்கள். ஆபீஸில் இன்டர்நெட் கிடையாது. பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடி, ஒரு மெஷின், நான். அவ்வளவுதான் படை.

லினக்ஸில் ஒரு புரோகிராம் பேக்கேஜ் என்கிற கட்டாக வரும். கட்டின்மேல் ஒரு சீட்டு இருக்கும்: என் பெயர் இது, நான் இத்தனையாவது பதிப்பு, நான் வேலை செய்ய வேண்டுமானால் இன்னின்னார் ஏற்கெனவே இங்கே இருக்க வேண்டும். அதை உள்ளே சேர்ப்பதற்கு பேக்கேஜ் மேனேஜர் என்று ஒரு காரியஸ்தன் உண்டு. அவன் சீட்டைப் படிப்பான், தன் பதிவேட்டைப் புரட்டுவான். கேட்டவர்கள் எல்லோரும் பதிவேட்டில் இருந்தால் உள்ளே விடுவான். ஒருவர் குறைந்தாலும், இன்னார் இல்லை என்று பெயர் சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுவான். இப்போது நீ ஒரு வரி தட்டினால் அவனே இன்டர்நெட்டுக்கு ஓடி, வேண்டியவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கிறான். அன்றைக்குக் கையால் போடுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. 'இல்லை' என்று சொல்வதோடு அவன் வேலை முடிந்தது. தேடிக் கொண்டுவருவது நம் பாடு.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும், ஃபைலை ஏற்றிக்கொண்டு வர, பையில் பத்து பிளாப்பித் தட்டோடு கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போவேன். துணிக்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற அந்த இன்டர்நெட் கடை. பாதி நாள் ட்யூஷன் முடிந்து நீயும் வந்துவிடுவாய். உனக்கு அப்போது பதினேழு வயது. திரையில் ஒரு நீலப்பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும். கீழே நடைபாதைக் கடைக்காரர்கள் கூவுவது, டிராம் மணி, எண்ணெய் வாசனை எல்லாம் கலந்து மேலே ஏறி வரும். நீ எக் ரோலைத் தின்றுகொண்டே என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய். மறுநாள் ஆபீஸில் அந்த ஃபைலைக் கொடுத்தால், காரியஸ்தன் அதன் சீட்டைப் படித்துவிட்டு, இதற்கு வேறு இரண்டு பேர் வேண்டும் என்பான். மறுபடியும் கரியாஹாட். அந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒருவர் வேண்டும். ஒரு பிளாப்பி கெட்டுப்போயிருந்தால் அந்த நாளே வீண். எரிச்சல் படுகிற ஆள்தான் நான், ஆனாலும் அந்த வாரத்தில் எனக்கு ஒரு மாதிரி மயக்கமாகவே இருந்தது. எதைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், அவருக்குப் பின்னால் இன்னொருவர், இந்த வரிசை எங்கே போய் முடியும் என்று நடந்து வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வருவேன்.

ஒரு நாள் விசித்திரமான முட்டுச்சந்து. முதல் பேக்கேஜ் இரண்டாவது வேண்டும் என்கிறது. சரியென்று இரண்டாவதைப் போடப் போனால் அது முதலாவது இருந்தால்தான் வருவேன் என்கிறது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, மெஷினைத் திட்டி, டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து கையேட்டைப் பொறுமையாகப் படித்தபோதுதான் தெரிந்தது: இரண்டு பெயரையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வாசலுக்கு வந்தால் காரியஸ்தன் இரண்டையும் சேர்த்துப் பார்த்து உள்ளே விடுகிறான். உன் கல்யாணத்துக்கு அப்பன் சொல்லக்கூடிய உருப்படியான புத்திமதி இது ஒன்றுதான். அவன் இறங்கி வந்தால் நான் இறங்குவேன் என்று நீயும், அவள் முதலில் பேசட்டும் என்று மாப்பிள்ளையும் நின்றால், ஆயுசு முழுக்க நிற்கலாம். நானும் உன் அம்மாவும் அப்படி வாரக்கணக்கில் நின்றிருக்கிறோம். நீ நடுவில் உட்கார்ந்து, "அம்மா, அப்பா உப்பு கேக்கறாரு" என்று எங்கள் இருவருக்கும் தபால்காரியாக இருந்திருக்கிறாய்.

கடைசியாக ஒரே ஒரு பேக்கேஜ் மட்டும் அகப்படவில்லை. கோடுகளை அச்சடிக்கும்போது மட்டும் தேவைப்படுகிற சின்னச் சாமான். எங்கு தேடியும் சரியான பதிப்பு இல்லை. மேலதிகாரி தினமும் வந்து, "ஹோலோ?", அதாவது ஆச்சா, என்று கேட்டுவிட்டுப் போவார். பேக்கேஜ் மேனேஜருக்கு ஒரு பலவீனம் உண்டு, வாணி. அவன் பெயரையும் பதிப்பு எண்ணையும் பார்ப்பான். கட்டைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டான். நான் வெறும் கட்டு ஒன்றைத் தயார் செய்தேன். கேட்ட பெயர், கேட்ட எண், உள்ளே ஒன்றுமில்லை. செய்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். காரியஸ்தன் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த நிமிஷம் புரோகிராம் உள்ளே போயிற்று, திரையில் ஆறுகள் வளைந்து வளைந்து ஓடின. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டேன். அந்த வித்தை எனக்குப் புதிதில்லை. பத்து வருஷம் முன்பே என் வீட்டில் ஒன்று செய்திருந்தேன்.

உன் மாமா கரூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத உன் அம்மாவைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவர் அவர். நாங்கள் டாலிகஞ்சுக்குக் குடிவந்த புதிதில் ஒரு தடவை வந்து பத்து நாள் தங்கினார். ஒரு நாள் கீழ்வீட்டு காக்கு, அவர் மனைவி காக்கிமா எல்லோரும் நம் வீட்டில் கூடியிருந்தபோது, "அது என்னங்க மாப்ள, நாள் பூரா டைப் அடிக்கறதுதான் உத்தியோகமா? ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றதுங்க?" என்று கேட்டுச் சிரித்தார். தமிழ் தெரியாத காக்குவும் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத மனிதர், நிஜமாகவே தெரியாமல் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு ரோஷம்தான் பெரிதாக இருந்தது. அதை ஒரு வருஷம் நெஞ்சிலேயே போட்டு வளர்த்தேன்.

உனக்கு ஏழு வயதில் காதுகுத்து வைத்தோம். மூன்றாவது வயதிலேயே ஊரில் செய்திருக்க வேண்டியது, எனக்கு லீவு கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போயிற்று. சரி, இங்கேயே லேக் பக்கம் நம் ஊர்க்காரர்கள் கோவிலில் செய்துவிடலாம், அண்ணனை வரவழைக்கலாம் என்றாள் அம்மா. நம் வீட்டிலும் போன் இல்லை, அவர் கடையிலும் இல்லை. இரண்டு மதியம் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, ஆபீஸ் போகிற வழியில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தாள். முதல் நாள் சத்தியமாக மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்துத் தபால்பெட்டி முன்னால் நின்றேன், பைக்குள் கையை விட்டேன், எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் கேட்டாள். "லெட்டரைப் போட்டீங்களா?" "அன்னைக்கே போட்டாச்சே." அதைச் சொன்ன பிறகு போடுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. நாலைந்து நாள் கடிதம் என் பையிலேயே என்னோடு டிராமில் போய் வந்தது. இனி போட்டாலும் நாளுக்குள் போய்ச் சேராது என்று ஆனபோது, லேக் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கிழித்துவிட்டேன். படிக்கவில்லை. அந்த மரியாதையாவது செய்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன், மானங்கெட்டவன்.

காதுகுத்து அன்று காலை அம்மா மூன்று தடவை கோவில் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு டாக்ஸி நிற்கும்போதும் எட்டிப் பார்த்தாள். ஆசாரி நேரமாகிறது என்று முணுமுணுக்க ஆரம்பித்ததும் நான்தான் கீழ்வீட்டு காக்குவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். காக்கு தயங்கினார். வங்காளிகளிலும் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது மாமாதான், அதனால் அவருக்கு அந்த இடத்தின் கனம் தெரிந்திருந்தது. "நான் மாமா இல்லையே" என்று வங்காள மொழியில் மெல்லச் சொன்னார். பெயருக்கு உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். நீ வலியில் வீறிட்டபோது அந்த நல்ல மனிதரின் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. போட்டோவில் எல்லாம் முறைப்படி இருக்கிறது: குழந்தை, மடி, தோடு.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எனக்கு எழுதக் கை வரவில்லை. உன் அம்மா ஒரு தடவைகூட அண்ணனைக் குறை சொல்லவில்லை. தன்னிடம்தான் குற்றம் தேடினாள். மறுபடி எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அங்கிருந்தும் ஒரு வரி வரவில்லை. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று நிறுத்திக் கேட்பாள். "ஏங்க, அந்த லெட்டர்ல அண்ணிய விசாரிக்காம விட்டுட்டனோ?" இன்னொரு நாள், "முதல்லயே சீர் பத்தி எழுதினேன். அதுக்குத்தான் கூப்பிடறாள்னு நினைச்சிருப்பாரோ?" நாலு பக்கமும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வரியாக எடுத்து எடுத்துப் பார்த்து, இதுதான் தப்பு, இல்லை இதுதான் என்று வருஷக்கணக்கில் தன்னையே பிரித்துக்கொண்டிருந்தாள். ஆறேழு வருஷம் கழித்து ஊரில் ஒரு கல்யாணத்தில் மாமாவைத் தூரத்தில் பார்த்தோம். நாம் தனக்குச் சொல்லாமலே காதுகுத்தை முடித்துவிட்டோம் என்று அவருக்கு மனக்குறை, கூப்பிட்டும் வரவில்லையே என்ற வேதனை அம்மாவுக்கு. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் இரண்டு நாள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆந்திரா போயிற்று, ஒரிசா போயிற்று, வயல், தண்ணீர், பனைமரம், மறுபடி தண்ணீர். நான் எதிரே உட்கார்ந்து தூங்குகிற மாதிரி நடித்தேன். வாயைத் திறந்தால் போதும், இரண்டு நாள் அவகாசம் இருந்தது. திறக்கவில்லை.

ஆபீஸில் நான் போட்ட வெறும் கட்டு அடுத்த மழைக்காலம் வரைக்கும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பிறகு ஒரு நாள், வடக்கே ஒரு ஆறு ஏறிக்கொண்டிருந்தபோது, அதன் நீர்மட்டக் கோட்டை அச்சடித்துத் தரச் சொன்னார்கள். வெள்ளைத்தாள் வந்தது. மறுபடி அடித்தால் மறுபடி வெள்ளைத்தாள். அன்று பேனாவால் வரைந்து அனுப்பிச் சமாளித்தார்கள். நான் அதே அறையில் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன். மெஷினைப் பார்த்துக்கொண்டவன் மித்ரா என்று ஒரு பையன், என்னைத் தாதா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவான். ஒன்பது நாள் அவன் அதோடு மல்லுக்கட்டினான். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தது, அதனால் அச்சு இயந்திரத்தைச் சந்தேகப்பட்டான், வயரைச் சந்தேகப்பட்டான், மற்றதையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். நான் தினமும் அவனைக் கடந்து போனேன். பத்தாம் நாள் என் மேஜைக்கு வந்து, "தாதா, அந்த ஒரு பேக்கேஜுக்குள்ள என்னென்ன ஃபைல் இருக்குன்னு கேட்டுப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லைன்னு வந்தது" என்றான். நான்தான் என்றேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, களைத்துப்போன குரலில் சொன்னான்: "இல்லைன்னு விட்டிருந்தீங்கன்னா முதல் நாளே தேடிப் போயிருப்பேன். பேர் இருந்துச்சே, தாதா. அதனால என் கையிலதான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

அவன் போன பிறகு நான் அந்தப் பச்சை வெளிச்சத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மித்ராவின் குரல் என் காதில் உன் அம்மாவின் குரலாகத்தான் கேட்டது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். படியேறும்போது வாய் வரைக்கும் வந்தது. அவள் கதவைத் திறந்து, "மழைல நனைஞ்சுட்டீங்களே" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டேன். அதோடு எட்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்குப் பயம், வாணி. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அவள் இல்லாமல் எனக்கு ஒரு வேளை ஓடாது, அது உனக்கே தெரியும். அந்தப் பயத்துக்கு அவளுடைய அண்ணனைத் தின்னக் கொடுத்தேன்.

உனக்கு இதில் என்ன புத்திமதி சொல்ல? நாளைக்கு உன் வீட்டில் எதுவோ ஒன்று இல்லாமல் போகும். அன்போ, நேரமோ, பொறுமையோ, என்னவோ. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. சண்டை வரும், வரட்டும். எது இல்லை என்று தெரிந்தால் இரண்டு பேருமாகத் தேடப் போகலாம். இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டால், உன்னை நம்புகிறவன் மற்ற இடத்திலெல்லாம் தோண்டிப் பார்த்துக் கடைசியில் தன்னையே தோண்ட ஆரம்பிப்பான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற தண்டனை எனக்குப் போதும், உனக்கு வேண்டாம்.

காக்கு உன் கல்யாணத்தில் காக்குவாகவே வந்து முதல் வரிசையில் உட்காரட்டும். மாமா நிற்க வேண்டிய இடத்தில் யாரையும் நிறுத்தாதே. அவர் வராவிட்டால் அது காலியாகவே இருக்கட்டும். பார்க்கிறவர்கள் கேட்டால் என் பெயரைச் சொல். மாமாவைக் கூப்பிடும் உரிமையை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது உன் அம்மாவுடையது, அவளிடமிருந்து ஒரு தடவை பிடுங்கியது போதும். காலை பத்து மணி ஆகிறது. அவள் குளித்துவிட்டு வந்து காபி குடிக்க இந்த மேஜைக்குத்தான் வருவாள். கவரை ஒட்டாமல், உன் விலாசம் மட்டும் எழுதி இங்கே வைத்துவிட்டு நான் வெளியே போகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் அவளைக் கேட்க எனக்கு வாயில்லை. அனுப்பினால் உன் கைக்கு வரும்.

உன் அப்பா

வாணிக்கு அம்மா எழுதுவது. அப்பா எழுதினதை ரெண்டு தரம் படிச்சேன். மூணு நாள் பெட்டியில வச்சிருந்தேன். நேத்து காலைல மாமாவுக்கு போன் பண்ணினேன். குரலைக் கேட்டதும் அவர் யாருன்னு கேக்கல. "சாப்பிட்டியா கண்ணு?"ன்னு கேட்டார். ரெண்டு பேரும் அழுது முடிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. என்ன தப்பு பண்ணினோம்னு அவரும் இத்தனை வருஷமா யோசிச்சுட்டுத்தான் இருந்திருக்கார். நான் எழுதின நாலு பக்கத்தையும் போன்லயே சொல்லிட்டேன். அது ஏன் வந்து சேரலைன்னு மட்டும் சொல்லல. முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வர்றார். ஹவுரா ஸ்டேஷனுக்கு உங்கப்பா போகட்டும். தனியாப் போகட்டும். நீ கூடப் போறேன்னு கிளம்பாதே, நானும் போகமாட்டேன். பிளாட்பாரத்துல நின்னு அவரே மாமாகிட்ட சொல்லட்டும். சொல்லி, வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டும். அதுவரைக்கும் நான் உங்கப்பாகிட்ட பேசறதா இல்லை.